எழுதிக் கொடுக்கிறவன்

  

எனக்குக் கொடுத்த தலைப்பு நீளமானது. 'பன்னாட்டுச் சமூக மேம்பாடும் சமுதாயக் கல்வியும்: ஒரு வாழ்க்கைத் தொழில்.' அழைப்பிதழில் இரண்டு வரி பிடித்திருக்கிறது. நான் அதை ஒரே சொல்லில் அடக்கிக்கொள்கிறேன். கடிதம். அமைப்பாளர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். பயப்படாதீர்கள், தலைப்பை நான் மாற்றவில்லை.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே. எதிர்வீட்டு ஆத்தாவுக்கு ஒரே மகன், பினாங்கில் வேலை. ஆத்தாவுக்கு எழுதத் தெரியாது. தெருவில் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். மாதம் ஒருமுறை நீலநிற ஏர்லெட்டரை மடியில் செருகிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவாள். "தம்பி, செவலை கன்னு போட்ருச்சுன்னு எழுதுப்பா. கெடேரிக் கன்னு. நெத்தியில வெள்ளைச் சுட்டி இருக்கு, அவன் சின்னப்புள்ளையில வளத்தானே ஒண்ணு, அது மாரியேன்னு எழுது. அவன் நட்ட தென்னையில மூணாவது பாளை வந்துருக்கு. ராத்திரி நாய் கொலைச்சா அவன்தான் வர்றானோன்னு எந்திரிச்சு உக்காந்துக்கிறேன்னு எழுது" என்று சொல்லிக்கொண்டே போவாள். எனக்கோ விளையாடப் போகவேண்டும். நான் எழுதியது என்ன தெரியுமா? 'இங்கு அனைவரும் நலம். பசு கன்று ஈன்றது. பணம் அனுப்பவும்.'

பல வருடம் கழித்து மகன் ஊருக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து என் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னார். "எங்க ஆத்தா எப்பவும் காசு காசுன்னுதாண்ணே எழுதும்." நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பது வருடம் நான் பார்த்த உத்தியோகம் இதுதான். பிறர் சொல்வதைக் கேட்டு, தூரத்தில் இருப்பவருக்கு எழுதுவது. தூரத்தில் இருப்பவர் சில சமயம் ஐ.நா. அமைப்பு, சில சமயம் ஐரோப்பிய நன்கொடையாளர், சில சமயம் அந்த நாட்டு அமைச்சகம். திண்ணையில் உட்கார்ந்து சொல்கிறவர் மட்டும் மாறவே இல்லை. எழுதுகிறவன் கையில் பேனா மட்டுமா இருக்கிறது? வெட்டுகிற கத்தியும் அவன் கையில்தான் இருக்கிறது. எதை வெட்டினான், எதை விட்டான்? இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளே, அந்தக் கேள்வியோடுதான் இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். நூறாண்டுக்கு முந்தையது. இடம் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை நகரம் பூலோன். காலம் 1918.

முதல் உலகப்போரில் ஐரோப்பிய இளைஞர்கள் செத்து விழ விழ, மண் வெட்டவும் மூட்டை இறக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. பிரிட்டனும் பிரான்சும் சீனாவிலிருந்து சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரைக் கொண்டுவந்தன. பெரும்பாலானோர் ஷாண்டோங் மாகாணத்து ஏழை விவசாயிகள். பதுங்குகுழி வெட்டினார்கள். கப்பலில் சரக்கு இறக்கினார்கள். தண்டவாளம் போட்டார்கள். போர் முடிந்ததும் வெடிக்காத குண்டுகளைப் பொறுக்கி, பிணங்களைப் புதைத்தார்கள். அவர்களை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள்? கூலி!

ஆம், நம் கூலிதான். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் போன வழியைத் தேடினால், நம் தமிழ்க் கூலியை ஒரு மூலமாகக் காட்டுவார்கள். குஜராத்தின் கோலி மக்கள் பெயரைக் காட்டுவோரும் உண்டு. அது சீனத்துக்குப் போனபோது ஒரு விந்தை நடந்தது. ஒலிக்குப் பொருத்தமாக இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தார்கள். 'கூ' என்றால் கசப்பு. 'லீ' என்றால் வலிமை. நமக்குக் கூலி என்பது வாங்கும் காசு. அவர்களுக்கு அது கசந்த வலிமை. எந்தப் புலவர் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடச் சரியாக எழுதியிருக்க முடியாது.

பூலோனில் அவர்கள் தங்கியிருந்த முகாமுக்கு ஓர் இளைஞர் வந்து சேர்கிறார். யென் யாங்சூ. மேல்நாட்டு நண்பர்களுக்கு ஜிம்மி யென். சிச்சுவான் மாகாணத்துப் படித்த குடும்பம். 1918இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு, ஒய்.எம்.சி.ஏ. தொண்டராகக் கப்பலேறிவிட்டார். முகாமில் ஐயாயிரம் தொழிலாளர்கள். இவருக்கு என்ன வேலை? மாலையானால் கூடாரத்து வாசலில் வரிசை. 'ஐயா, ஊருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.' யேல் பட்டதாரி, என்னைப் போலவே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்!

அங்கேதான் அவருக்கும் எனக்கும் வித்தியாசம். நான் சலித்துக்கொண்டு வரிகளை வெட்டினேன். அவர் ஒரு நாள் கூட்டத்தைக் கூட்டி, இனிமேல் எழுதித் தரமாட்டேன், எழுதக் கற்றுத் தருகிறேன் என்று அறிவித்தார். கூட்டம் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? நம் 247 எழுத்துக்கே நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். சீனத்தில் ஆயிரக்கணக்கான எழுத்துகள். படிப்பு என்பது சீமான் வீட்டுச் சொத்து. ஐயாயிரம் பேரில் சுமார் நாற்பது பேர்தான் முன்வந்தார்கள். பகலெல்லாம் மண்சுமந்துவிட்டு, இரவில் எழுத்துச் சுமந்தார்கள். நான்கே மாதத்தில் அவர்களில் பெரும்பாலோர் தம் கையால் ஊருக்கு எழுதிவிட்டார்கள். பிறகு அவர்களே மற்றவர்களுக்கு ஆசிரியர்கள்.

அன்றாடப் பேச்சுக்கு எத்தனை எழுத்து வேண்டும்? சுமார் ஆயிரம் போதும் என்று கணக்கிட்டார் யென். பண்டிதர் நடையை விட்டுவிட்டு மக்கள் பேசும் மொழியில் பாடம் வைத்தார். சீனா திரும்பியபின் இதுவே ஆயிரம் எழுத்துப் பாடநூல் ஆயிற்று. 1923இல் தேசிய வெகுஜனக் கல்வி இயக்கம் ஆயிற்று. அவர் பிற்காலத்தில் அடிக்கடி ஒன்று சொல்வார்: அறியாமை இருந்தது அந்தத் தொழிலாளர்களிடம் அல்ல, அவர்களை அறியாமலிருந்த தன் போன்ற படித்தவர்களிடம்தான் என்று.

1919 தொடக்கத்தில் அந்தத் தொழிலாளர்களுக்காக ஒரு சிறிய வாரப் பத்திரிகையும் தொடங்கினார். அந்தப் பத்திரிகைக்கு வந்த ஒரு கடிதம் இருக்கிறது. அதை இப்போது சொல்லமாட்டேன். கடைசி வரை உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும்.

சரி, எழுத்து வந்துவிட்டது. வயிறு நிறைந்ததா? நோய் போனதா? இந்தக் கேள்வியோடு யென் 1926இல் பெய்ஜிங்குக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருந்த திங்ஷியான் வட்டத்துக்குப் போனார். சுமார் 4 லட்சம் மக்கள். 1929இல் குடும்பத்தோடு குடியேறினார். அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கியவர்களும் பேராசிரியர்களும் பெண்டாட்டி பிள்ளைகளோடு புழுதிக்குள் வந்து இறங்கினார்கள். பன்றி இனத்தை மேம்படுத்த 'போலண்ட் சைனா' இன ஆண்பன்றி வந்தது. நாடகாசிரியர் ஷியோங் ஃபோஷி, விவசாயிகளையே நடிக்கவைத்துத் திறந்தவெளி நாடகம் போட்டார். இதையெல்லாம் வேகமாகக் கடக்கிறேன். ஏனென்றால் எனக்கு அந்த ஊரில் பிடித்தது ஒரு மரப்பெட்டி.

சென் ஜிச்சியென் என்று ஒரு மருத்துவர். பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்நாளில் சீனாவின் முதல்தரக் கல்லூரி அது. திங்ஷியானுக்கு வந்தவர் முதலில் என்ன செய்தார்? ஆஸ்பத்திரிக் கட்டடம் கேட்டாரா? இல்லை. கணக்குப் போட்டார். ஒரு கிராமம் மருத்துவத்துக்கு உள்ளபடி எவ்வளவு செலவு செய்ய முடியும்? அந்தக் காசில் ஒரு டாக்டரை வைக்க முடியுமா? முடியாது. நூறு வருடம் ஆனாலும் முடியாது. அப்படியானால் அந்தக் காசுக்குள் என்ன முடியும்? இந்தத் தலைகீழ்க் கேள்விதான் மேதைமை. நம்மிடம் இருப்பது என்ன, அதை எப்படி மக்களுக்குக் கொடுப்பது என்றுதான் நிபுணர்கள் எல்லோரும் தொடங்குவார்கள். சென் மக்களின் முடிச்சிலிருந்து தொடங்கினார்.

அவர் கண்டுபிடித்த ஆள் யார்? அதே ஊர் விவசாயி. யென்னின் எழுத்துப் பள்ளியில் படித்துத் தேறி, அந்தப் பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவர். பத்து நாள் போலப் பயிற்சி. கையில் ஒரு பெட்டி: கண் மருந்து, காயத்துக்கு மருந்து, கட்டுத்துணி, இப்படி எளிய சாமான்கள். அவர் அம்மை குத்துவார். கிணற்றைச் சுத்தமாக வைக்கச் செய்வார். ஊரில் பிறப்பு இறப்பை எழுதிவைப்பார். கவனியுங்கள், எழுதிவைப்பார்! அதுவரை அந்த ஊரில் ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் நாள் செத்தால் அது எந்தக் காகிதத்திலும் இருந்ததில்லை. தன்னால் முடியாததை அடுத்த நிலையத்துக்கு அனுப்புவார். அங்கும் முடியாதது வட்ட ஆஸ்பத்திரிக்கு. இன்று உலகம் முழுக்க நாம் 'ஆரம்ப சுகாதாரம்' என்று சொல்லும் படிக்கட்டு அன்றே அங்கே கட்டப்பட்டது. 1960களில் சீனா அனுப்பிய 'வெறுங்கால் மருத்துவர்'களுக்கு முன்னோர் இந்தப் பெட்டிக்காரர்கள்தாம்.

ஆகா என்று கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் இங்கேயும் ஒரு வரி வெட்டப்பட்டது. சீன விவசாயியின் நோய் நான்கு என்றார் யென்: அறியாமை, வறுமை, உடல்நலிவு, பொதுநல உணர்வின்மை. அக்காலத்து இடதுசாரி அறிஞர்கள் சீறினார்கள். நான்கும் விவசாயியின் குணமாகவே இருக்கிறதே, அவன் தலைமேல் இருக்கும் நிலக்கிழாரும் வட்டிக்காரனும் எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. திங்ஷியானில் சொந்த நிலத்தில் உழுதவர்கள் அதிகம், அதனால் குத்தகைக் கொடுமை அவர் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை என்று வேண்டுமானால் அவருக்காக வாதாடலாம். ஆனால் சீனா முழுவதும் திங்ஷியானா? நாடு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து 'குத்தகை, குத்தகை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடிதத்தில் அந்தச் சொல் வரவில்லை.

1937இல் ஜப்பானியப் படை வந்தது. யென் ஹுனானுக்கும் பிறகு சிச்சுவானுக்கும் போனார். பின்னால் அமெரிக்காவுக்குப் போய், 1948இல் சீனாவுக்கு ஒதுக்கிய உதவிப்பணத்தில் பத்தில் ஒரு பங்கு வரை கிராமங்களுக்குப் போகலாம் என்று சட்டத்திலேயே எழுதவைத்தார். அதிலிருந்து பிறந்த கிராமப் புனரமைப்புக் கூட்டு ஆணையத்தில் அவரும் ஓர் ஆணையர். அந்த ஆணையம் தைவானில் என்ன செய்தது? 1949இல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் போகாமல் குறைத்த சீர்திருத்தத்துக்குத் தோள் கொடுத்தது. விட்டுப்போன வரி இருபது வருடம் கழித்துக் கடிதத்தில் ஏறியது. பிறகு யென் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். 1952இல் பிலிப்பைன்ஸில் கிராமப் புனரமைப்பு இயக்கம். 1960இல் அங்கே கவீத்தே மாகாணத்துச் சிலாங் ஊரில் பன்னாட்டுக் கிராமப் புனரமைப்பு நிறுவனம். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எங்கும் இருந்து களப்பணியாளர்கள் அங்கே வந்து பயின்றார்கள். தாய்லாந்து மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த புவே உங்பாகோர்ன், அதே வழியில் 1967இல் தம் நாட்டில் ஓர் இயக்கம் தொடங்கினார். வங்கி ஆளுநர் வயல்வரப்பில்! நம் ஊரில் இப்படி நினைத்துப் பார்க்க முடிகிறதா?

இன்னொரு பெயர் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பாவ்லோ ஃப்ரெய்ரே. பிரேசில்காரர். 1963இல் ஆங்கிகோஸ் என்னும் சிற்றூரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தந்த முயற்சியால் உலகப் புகழ் பெற்றார். மக்கள் வாயில் புழங்கும் சொல்லை எடுத்து, அதை உடைத்து எழுத்தும், அதைப் பேசி வாழ்க்கையும் கற்பது அவர் முறை. கட்டடத் தொழிலாளிக்குச் 'செங்கல்' என்ற சொல். யார் சுடுகிறார்கள், யார் அடுக்குகிறார்கள், யார் வீட்டில் குடியிருக்கிறார்கள்? மறு ஆண்டே ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. பிறகு பொலிவியா, சிலி, ஹார்வர்டு, ஜெனிவா. மாணவர்களே, இவரைப் பற்றித் தேர்வில் எழுதியிருப்பீர்கள். எழுதாத பக்கத்தைச் சொல்கிறேன்.

1970களின் நடுவில், போர்த்துகலிடமிருந்து அப்போதுதான் விடுதலை பெற்ற கினி பிசாவ் நாட்டு அரசு ஃப்ரெய்ரேயை அழைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் சின்ன நாடு. புரட்சி அரசு, உற்சாகமான இளைஞர்கள், உலகின் தலைசிறந்த ஆசான். எல்லாம் கூடிவந்தது. திட்டம் தோற்றது. ஏன்? பாடமொழி போர்த்துகீசியம்! வயலில் இருந்தவர்கள் பேசியது பலாந்தா, ஃபுலா, மாண்டிங்கா; சந்தையில் கிரியோல். அரசு போர்த்துகீசியத்தைத்தான் தேர்ந்தது. ஆசானும் அதோடு போனார். மக்கள் வாயிலிருந்து சொல்லை எடுப்பதுதானே அவருடைய வித்தை? வாயிலேயே இல்லாத மொழியில் எந்தச் சொல்லை எடுப்பது? தாய்மொழிக்காக ரத்தம் சிந்திய ஊரில் நின்று பேசுகிறேன், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஃப்ரெய்ரேயைக் குறைத்துச் சொல்ல இதை எடுக்கவில்லை. அவருக்கே இது நடந்தது என்றால், பயிற்சிக் கையேட்டோடு விமானத்திலிருந்து இறங்கும் நமக்கு?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மேகாங் ஆற்றோரத்து ஒரு கிராமம். நெல் விளைவிக்கும் பெண்கள். 'உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை?' என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டேன். ஒரு நடுவயது அம்மாள் எழுந்து, நெல் வாங்க வரும் வியாபாரியின் தராசைப் படிக்கத் தெரியவேண்டும் என்றார். எந்த முள் எங்கே நிற்கிறது, எப்போது கட்டைவிரல் தட்டில் அழுந்துகிறது, இதைச் சொல்லிக்கொடுப்பாயா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு அறிக்கையில் நான் எழுதிய வாக்கியம்: 'நிதிசார் எழுத்தறிவில் பெண்கள் ஆர்வம் காட்டினர்.' ஆறு மாதம் கழித்துத் தலைநகரிலிருந்து பயிற்சி வந்தது. வங்கிக் கணக்கு, சேமிப்பு, வட்டி விகிதம், வண்ணப்படங்கள். முதல்நாள் வந்தார்கள், தேநீர் உண்டு. இரண்டாம் நாள் யாரும் இல்லை. பசு கன்று ஈன்றது, பணம் அனுப்பவும். எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

இப்போது உங்கள் கேள்விகள். வாசலிலேயே இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். 'சார், எந்தப் படிப்புப் படித்தால் வெளிநாடு போகலாம்?' சமூகப்பணி, பொருளியல், பொதுச்சுகாதாரம், வேளாண்மை, எதுவும் தகும். 'சம்பளம்?' மேல்தட்டில் நன்றாகவே வரும். கீழ்த்தட்டில் ஒப்பந்தம் ஒப்பந்தமாக ஓடும், நிதி நின்றால் மறுமாதம் நீங்களும் நிற்பீர்கள். பெற்றோர் இருக்கிறார்கள், ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். புரொபோசல், லாக்ஃபிரேம், இண்டிகேட்டர் என்ற திட்ட அறிக்கைச் சொற்கள் எல்லாம் மூன்று மாதத்தில் பழகிவிடும். கஷ்டமே அதுதான், அவ்வளவு சீக்கிரம் பழகிவிடும். 'பயனாளி' என்ற சொல்லை முதல் வாரம் எழுதும்போது கை கூசும். இரண்டாம் வருடம் கூசாது. அன்றைக்கு ஒரு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து, பேசாமல் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.

இந்தத் தொழிலின் உச்சிக்குப் போய்த் திரும்பிவந்த ஒருவர் நம்மிடமே உண்டு. வேலூரில் 1910இல் பிறந்த மால்கம் ஆதிசேசய்யா. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர். 1940களின் கடைசியில் யுனெஸ்கோவுக்குப் போய், அதன் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். பாரிஸிலேயே தங்கியிருக்கலாம். 1971இல் மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து அடையாறு காந்தி நகரில் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். பதவியை விட்டு வந்தவர் சும்மா இருக்கவில்லை. எழுத்தறிவு, வயதுவந்தோர் கல்வி என்று கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார். அவர் பெயரில் யுனெஸ்கோ எழுத்தறிவுப் பரிசு கொடுத்திருக்கிறது. அந்த நிறுவனம் இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டார்கள். யென் 1985இல், ஏறத்தாழ முப்பத்தைந்து வருடம் கழித்து, சீனாவுக்குத் திரும்பிப்போய்த் திங்ஷியானைப் பார்த்தார். 1990 ஜனவரியில் நியூயார்க்கில் காலமானார். இப்போது அந்தக் கடிதம்.

தொழிலாளர்களுக்காக அவர் நடத்திய அந்தச் சிறு பத்திரிகையின் விலை ஒரு சாந்தீம். நம் கணக்கில் ஒரு பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தொழிலாளி ஒருவரிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. அவரே எழுதியது, யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. உங்கள் பத்திரிகை வந்தபிறகு உலகத்தில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். ஆனால் இவ்வளவு மலிவாக விற்கிறீர்களே, கட்டுப்படியாகாமல் சீக்கிரம் நிறுத்திவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். பிரான்சுக்கு வந்த மூன்று வருடத்தில், மண்சுமந்து தான் சேர்த்துவைத்த பணம் முழுவதையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தார்.

365 பிராங்க்.